முழங்கைக்கு நாலு விரல் கீழே

பிப்ரவரி 9, ஞாயிறு

திருமூர்த்தி வீட்டுக்கு இன்றைக்குச் சுண்ணாம்பு நாள். காலை ஏழு மணிக்கே மனைக்குப் போய்விட்டோம். உடுமலையில் தளி ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி, தென்னந்தோப்பை ஒட்டின ஐந்தரை சென்ட்.

என் மகள் வயிற்றுப் பேத்தி சுபத்ரா வீடு கட்டித் தருகிற இஞ்சினியர். ஒரு குடும்பத்துக்குக் கட்டினதை இன்னொரு குடும்பத்துக்குக் கட்ட மாட்டாள். கடைக்கால் தோண்டுவதற்கு முன்னால் ஒரு நாள், முழு வீட்டையும் அசல் அளவில் சுண்ணாம்புப் பொடியால் மண்ணில் கோடு போட்டுவிடுவாள். வீட்டுக்காரர்கள் காலையிலிருந்து மத்தியானம் வரை அந்தக் கோட்டுக்குள் குடியிருக்க வேண்டும். கட்டில் வரும் இடத்தில் கட்டில், அடுப்பு வரும் இடத்தில் அட்டைப்பெட்டி. கோட்டைத் தாண்டிக் குதிக்கக் கூடாது. வாசல் விட்டிருக்கும் இடத்தில்தான் போக வேண்டும், வர வேண்டும். அங்கே இடிக்கிறது, இங்கே பத்தவில்லை என்று அவர்களே சொல்லுவார்கள். உடனே ஆறுச்சாமி மேஸ்திரி கோட்டை அழித்து மாற்றிப் போடுவார்.

"இப்ப மாத்துனா ஒரு கை சுண்ணாம்பு போதுங்க. பொறவு மாத்துனா செவுத்தை ஒடைக்கோணும்" என்று சுபத்ரா சொல்லுவாள்.

என் வேலை நூல். சமையல் மேடை எந்த உயரத்தில் இருக்க வேண்டும் என்பதற்கு வீட்டம்மாவை நிற்க வைத்து, முழங்கையை மடக்கச் சொல்லி, அதிலிருந்து நாலு விரல் கீழே நூலைப் பிடித்துத் தரை வரை விட்டு முடிச்சுப் போடுவேன். சுபத்ராவிடம் டேப் இருக்கிறது. ஆனால் ஆம்பிளைகள் முன்னால் கையை மடக்கி நிற்கப் பெண்களுக்குக் கூச்சம். நான் என்றால் சிரித்துக்கொண்டே நிற்பார்கள். சுபத்ரா அச்சடித்த தாளில் "வீட்டம்மா முழங்கை உயரம்" என்று ஒரு கட்டம் இருக்கிறது. அதில் என் கையெழுத்தில்தான் அளவு ஏறும். பதினொரு வீடு ஆயிற்று. ஒன்றில்கூடக் குறை வரவில்லை. ஐந்தாம் கிளாஸ் படிப்புக்கு இது போதாதா?

திருமூர்த்தி தபால் ஆபீஸில் இருந்து ஓய்வானவர். ஆறடிக்கு அரை அங்குலம் குறைவு. அவர் வீட்டம்மா தனபாக்கியம் நூல் மில்லில் முப்பது வருஷம் ஷிப்ட் பார்த்தவர். புருஷனின் நெஞ்சு உயரம்தான். திருமூர்த்தியின் அக்கா வேலாத்தாவும் வந்திருந்தார். கோட்டுக்குள் நடுக் கூடத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, எல்லாருக்கும் உத்தரவு போட்டுக்கொண்டிருந்தார்.

திருமூர்த்தி மாதிரி அக்கறையான ஆம்பிளையை நான் பார்த்ததில்லை. அடுப்புப் பெட்டியிலிருந்து தண்ணீர்த் தொட்டி வரை மூன்று தடவை அடி எண்ணி நடந்தார். "அஞ்சறைப் பெட்டி எடது கைப்பக்கம் வந்தா தேவலைங்க" என்றார். ஜன்னல் காற்று அடுப்பை அணைக்குமா என்று தீக்குச்சி கிழித்துப் பார்த்தார். அந்தம்மா பாவம், வெட்க சுபாவம். சமையல் கட்டுக்குள் நின்று தென்னை மரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மத்தியானத்துக்கு அவர்கள் வீட்டுக் கொள்ளுப் பருப்பு. அப்படி ஒரு ருசி. "மொளகா எத்தனை போட்டீங்க?" என்று தனபாக்கியத்தைக் கேட்டேன். புருஷன் முகத்தைப் பார்த்தார். "நாலுங்க" என்றார் திருமூர்த்தி. புருஷனைக் கேட்காமல் மிளகாய்க் கணக்குக்கூடச் சொல்லாத பெண்டாட்டி. அந்தக் காலத்து வளர்ப்பு.

வேலாத்தா மட்டும், "தனபாக்கியத்துக்கு எங்கூட்டுக் கைப்பக்குவம் இன்னும் வரலை. எங்காத்தா வெச்சா எட்டூருக்கு மணக்கும்" என்றார். சொல்லிக்கொண்டே மூன்றாவது தடவை ஊற்றிக்கொண்டார்.

தனபாக்கியத்துக்கு நூல் பிடித்தேன். முப்பத்தொரு அங்குலம். என்னவோ சொல்ல வாயெடுத்தார். நாத்தனாரைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார். கூச்சம்.

பிப்ரவரி 11, செவ்வாய்

முழங்கால் வலி. தைலம் தீர்ந்துவிட்டது.

பிப்ரவரி 20, வியாழன்

ஒரு பெரிய மனிதர் காரில் வந்தார். மூன்று மாடி வேண்டுமாம், ஆனால் கடைக்காலை ஓரடி குறைத்துக் கட்டிக் கொடு என்றார். "கீழ தானுங்களே, ஆரு பாக்கப்போறா?" என்றும் சொன்னார்.

"நான் பார்த்துட்டனுங்களே" என்றாள் சுபத்ரா. காப்பி கொடுத்து அனுப்பிவிட்டாள்.

காரின் பின்னாலேயே வாசல் வரை போனேன். அவ்வளவு பெரிய வேலை. அவள் அடுத்த போனை எடுத்து யாருக்கோ ஜன்னல் அளவு சொல்லிக்கொண்டிருந்தாள்.

ஏப்ரல் 6, ஞாயிறு

திருமூர்த்தி வீட்டில் ஜன்னல் மட்டம் வந்தாயிற்று. நீராகாரம் கொண்டு போனேன். ஆறுச்சாமி நாலு டம்ளர் குடித்தார்.

ஜூன் 14, சனி

சனிக்கிழமை பன்னிரண்டு மணிக்குச் சம்பளம். ஒரு வாரம்கூடத் தவறியதில்லை. அதனால்தான் இவளிடம் வந்த ஆள் இவளை விட்டுப் போவதில்லை. வேறு இடத்தில் மேஸ்திரி கிடைக்காமல் வேலை நிற்கும். இவளுக்கு ஆறுச்சாமி காய்ச்சல் என்றால் அவர் மச்சினன் வந்து நிற்கிறார்.

வருஷத்துக்கு ஆறு வீடுதான். ஏழாவதாக வருபவர்களிடம் "அடுத்த தைக்கு வாங்க" என்கிறாள். அவர்களும் காத்திருக்கிறார்கள்! போன வருஷம் ஆறிலும் லாபம். சொந்தமாகக் கலவை மெஷின் வாங்கினாள், ஆபீஸுக்கு மாடி எடுத்தாள். கல்லிலும் கம்பியிலும் குறைத்து வந்த லாபம் இல்லை. "ஒரு வேலையை ரெண்டு தடவை செய்யறதில்ல அம்மாயி, அவ்வளவுதான்" என்றாள். கேட்கச் சுலபமாக இருக்கிறது. செய்கிறவளைத்தான் நான் தினமும் பார்க்கிறேனே. காலை ஆறு மணிக்குத் தலையில் ஹெல்மெட்.

இவளைக் கட்டிடப் படிப்புக்குச் சேர்த்தபோது "பொட்டப்புள்ளை சாரத்துல ஏறுமா?" என்று கேட்ட என் கொழுந்தனார், இப்போது அவர் பையன் வீட்டுக்கு இவளிடம் வரிசையில் நிற்கிறார். அவரும் அடுத்த தைதான்.

செப்டம்பர் 5, வெள்ளி

மாரியம்மன் கோயிலில் ஒரு பெண் என்னைப் பார்த்து, "நீங்கதான நூல் போடற அம்மாயி? எங்கூட்டு மேடையில நின்னா இடுப்பு வலியே இல்லீங்" என்றாள். பக்கத்தில் இருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். பிரகாரத்தை ஒரு சுற்று அதிகமாகவே சுற்றினேன்.

நவம்பர் 18, செவ்வாய்

திருமூர்த்தி வீட்டுச் சமையல் மேடைக்குக் கிரானைட் போட்டாயிற்று. கறுப்பில் பொன் பொடி தூவின மாதிரிக் கல். கிரகப்பிரவேசம் முப்பதாம் தேதி. இன்னும் பன்னிரண்டு நாள் இருக்கிறது. முகூர்த்தத்துக்கு முந்தின வாரமே முடிப்பது இவள் வழக்கம்.

நவம்பர் 21, வெள்ளி

இன்றைக்கு வீட்டுக்காரர்கள் பார்க்க வந்தார்கள். திருமூர்த்தி சமையல் கட்டில் போய் நின்றார். மேடை அவர் தொடைக்கு வந்தது. குனிந்து கல்லைத் தடவிப் பார்த்தார். வாணலியில் கிளறுவது போலக் கையை இரண்டு சுற்றுச் சுற்றினார். அப்புறம் நிமிர்ந்து இடுப்பைப் பிடித்துக்கொண்டார்.

"எப்படீங்க இருக்குது?" என்றாள் சுபத்ரா.

"அருமைங்க. எங்கூட்டுக்காரிக்கு அளவெடுத்துத் தெச்ச மாதிரி" என்றார். முகத்தில் மட்டும் சிரிப்பு வரவில்லை.

அவர்கள் போனதும் சுபத்ரா ஆறுச்சாமியைக் கூப்பிட்டு மேடையை அளக்கச் சொன்னாள். நான் முந்திக்கொண்டு, "ஏனுங் மேஸ்திரி, கல்லைத் தாழப் போட்டுட்டீங்களாட்ட இருக்குது" என்றேன். அவர் டேப்பை நீட்டிக் காட்டினார். முப்பத்தொன்று. நூல் சொன்னது முப்பத்தொன்று.

"அம்மாயி, அன்னைக்கு அளவெடுக்கறப்ப ஏதாச்சும் சொன்னாங்களா?" என்று சுபத்ரா கேட்டாள்.

"ஒண்ணும் சொல்லலை கண்ணு. எல்லாம் சரியாத்தான் இருந்துச்சு" என்றேன்.

அளவு சரி. நூல் சரி. என்மேல் ஒன்றும் இல்லை.

நவம்பர் 22, சனி

காலையில் ஒரு யோசனை வந்து பிப்ரவரிப் பக்கத்தைப் புரட்டினேன். இந்த டைரி சிமெண்ட் கடையில் கொடுத்தது. சைட்டில் பார்ப்பதை எழுது அம்மாயி என்று சுபத்ராதான் பொங்கலுக்குத் தந்தாள்.

பார்த்ததை எல்லாம் எழுதித்தான் வைத்திருக்கிறேன். அடி எண்ணி நடந்தது யார், அஞ்சறைப் பெட்டிக்கு இடம் சொன்னது யார், தீக்குச்சி கிழித்தது யார், மிளகாய் நாலு என்றது யார். என் கையெழுத்தில், நீல மையில்.

அந்த வீட்டில் சமைப்பது அவர்.

முப்பது வருஷம் ஷிப்டுக்குப் போன பெண் எந்த நேரத்தில் அடுப்பு மூட்டியிருப்பார் என்று நான் ஒரு நிமிஷம் யோசித்திருக்க வேண்டாமா? புடவை கட்டினவரைப் பார்த்ததும் நூலை எடுத்துவிட்டேன். அக்கா எதிரில் அவர்களும் வாயைத் திறக்கவில்லை.

இன்றைக்கு முழுக்க யோசித்தேன். நான் சொல்லாவிட்டால் யாருக்கும் தெரியப் போவதில்லை. அவர்களும் சொல்ல மாட்டார்கள். ஆனால் அந்த மனிதர் கை ஓயும் வரை தினமும் மூன்று வேளை குனிந்தே நிற்பார். சொன்னால், முடிந்த சமையல் கட்டை எட்டு நாளில் உடைத்துக் கட்ட வேண்டும். ஒரு வேலையை இரண்டு தடவை செய்யாதவள், முதல் தடவையாகச் செய்ய வேண்டும். அதுவும் என்னால். அப்புறம் நூலை என் கையில் யார் கொடுப்பார்கள்?

துவரம்பருப்பு வாங்க மறந்துவிட்டேன்.

நவம்பர் 23, ஞாயிறு

காலையில் ஆபீஸ் மாடிக்குப் போனேன். படியேறி மூச்சு வாங்கியது. சுபத்ரா கம்ப்யூட்டரில் என்னவோ பார்த்துக்கொண்டிருந்தாள். "படிக்கறேன், கேளு" என்று டைரியைத் திறந்து பிப்ரவரி ஒன்பதை வரி விடாமல் படித்தேன். மிளகாய் வந்த இடத்தில் அவள் நாற்காலியைத் திருப்பிக்கொண்டாள். தனபாக்கியம் வாயெடுத்த இடத்தை இரண்டு தடவை படித்தேன்.

"முந்தாநாளு கேட்டப்பவே சொல்லியிருக்கலாமே" என்றாள்.

"அப்பத் தெரியாது கண்ணு. தெரிஞ்சது நேத்து காத்தால. நேத்தே சொல்லியிருக்கோணும். பயம்."

"எதுக்கு?"

"நூலைப் புடுங்கிக்குவியோன்னு."

அவள் எழுந்து அலமாரியிலிருந்து அச்சடித்த தாளை எடுத்தாள். "வீட்டம்மா முழங்கை உயரம்" என்ற வரியில் முதல் சொல்லைப் பேனாவால் அடித்தாள். மேலே "சமைப்பவர்" என்று எழுதினாள்.

"இதை அச்சடிச்சது நானு. இஞ்சினியரிங் படிச்ச நானே இப்படி எழுதி வெச்சிருக்கறேன். உன்னை என்ன சொல்ல?"

"தாளு மேல போடாத. நான் கண்ணுல பார்த்தேன்."

"சரி, பாதி உன்னுது, பாதி என்னுது. இப்ப முதல்ல அவுங்க வாயில இருந்து வரோணும். நாமளா போயி, நீங்கதான சமைக்கறீங்கன்னு கேக்க முடியுமா? நான் போனா அருமைங்க, அருமைங்கன்னுதான் சொல்லுவாரு. நீ போ."

அனுப்பியது என்னை. அதைத்தான் எழுதி வைக்கிறேன்.

நவம்பர் 24, திங்கள்

பதினோரு மணிக்கு, சாம்பார் கொதிக்கிற நேரமாகப் பார்த்து, அவர்கள் வாடகை வீட்டுக்குச் சொல்லாமல் போனேன். கதவு திறந்திருந்தது. தனபாக்கியம் கூடத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். உள்ளே திருமூர்த்தி தோளில் துண்டோடு தாளித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் கரண்டியை முதுகுக்குப் பின்னால் மறைத்தார். எண்ணெய் சொட்டியது.

"கடுகு கருகுதுங்க, நீங்க பாருங்க" என்றேன்.

அடுப்பைத் தணித்துவிட்டு வந்து உட்கார்ந்தார். நான் உள்ளே அடுப்பைப் பார்த்தேன். அடுப்பு வைத்த மேசையை நாலு காலுக்கும் கீழே செங்கல் வைத்துத் தூக்கியிருந்தது. வாடகை வீட்டில்கூட அவருக்கு வேண்டிய உயரத்தைச் செய்துகொண்டிருக்கிறார்.

"நான் ஆளை மாத்தி அளந்துட்டனுங்க. தப்பு என்னுது. ஏனுங் சொல்லலை?" என்றேன்.

"அக்கா இருந்தாங்களே. தம்பி பொண்டாட்டிக்கு அடுப்படி வேலை பண்றான்னு எங்கக்காளுக்குத் தெரிஞ்சா ஊரையே கூட்டிப்போடுவாங்க."

தனபாக்கியம் பேப்பரை மடித்து வைத்தார். அன்றைக்கு வெட்கப்பட்ட பெண்ணா என்று இருந்தது. "முப்பது வருசமா கொள்ளுப் பருப்புல கொறை சொல்றாங்க. எல்லாம் நான் கேட்டுக்கறேன். இவுரு கமுக்கமா நிப்பாரு. எனக்குச் சமைக்கத் தெரியாதுங்கம்மா. காப்பி வெப்பேன், காய் அரிவேன். மில்லுல நாப்பது பேரை மேச்சவளுக்கு வெண்டைக்காய் வதக்க வராது. அதுக்கென்ன இப்ப?"

"ஆறு நாள்தான இருக்குது. வுட்டுருங்க, நான் குனிஞ்சுக்கறேன்" என்றார் அவர்.

"எம்பேத்தி கட்டுன ஊட்டுல ஒருத்தரும் குனியக் கூடாதுங்க. எந்திரிங்க" என்றேன்.

நூலை எடுத்தேன். ஆம்பிளைக்கு நூல் பிடிப்பது இதுதான் முதல் தடவை. ஸ்டூல் மேல் ஏறவில்லை, ஆனால் கையை நன்றாகவே தூக்க வேண்டியிருந்தது. முழங்கைக்கு நாலு விரல் கீழே. முப்பத்தெட்டு அங்குலம். அவர் கூச்சத்தில் நெளிந்தார். "அசையாதீங்க, அரை அங்குலம் போயிரும்" என்று தனபாக்கியம் அதட்டினார்.

சாம்பார் சாப்பிட்டுவிட்டுத்தான் வந்தேன்.

நவம்பர் 25, செவ்வாய்

சுபத்ரா முழு மேடையையும் தூக்கவில்லை. அடுப்பும் தொட்டியும் வரும் எட்டடியை ஏழு அங்குலம் உயர்த்தச் சொன்னாள். ஜன்னல் ஓரம் மூன்றடி பழைய உயரத்திலேயே இருக்கும். அங்கே தனபாக்கியம் தென்னை மரத்தைப் பார்த்துக்கொண்டு காய் அரியலாம், காப்பி போடலாம். இது எனக்குத் தோன்றவே தோன்றாது. உடைக்க வேண்டிய இடத்திலும் ஒரு நல்லதைச் செய்கிறாள்.

செலவு எங்களுடையது என்று அவர்களிடம் முதலிலேயே சொல்லிவிட்டாள்.

ஆறுச்சாமியிடம் போய், "வெள்ளிக்கெழமை உங்களைச் சொன்னது தப்புங்க" என்றேன். "அட, நீங்க சொன்னது காதுலயே உழுகலீங்க, டேப்பைத்தான பார்த்தேன்" என்றார். நல்ல மனிதர்.

நவம்பர் 26, புதன்

தூக்கும்போது ஒரு கல் விரிசல் விட்டுவிட்டது. அதே நிறம் உடுமலையில் இல்லை. சுபத்ரா பல்லடம் வரை தானே வண்டி ஓட்டிப் போனாள். வரும்போது மழை. கல்லைத் தார்ப்பாயால் மூடிக்கொண்டு, அவள் நனைந்து வந்தாள்.

நவம்பர் 27, வியாழன்

ஆறுச்சாமி, அவர் மச்சினன், குழாய் வேலைக்காரர் மூவரும் நேரம் பார்க்காமல் நின்று வேலை செய்தார்கள். யாரும் கேட்டு நிற்கவில்லை. இட்லி கொண்டு போனேன்.

நவம்பர் 28, வெள்ளி

கல் உட்கார்ந்துவிட்டது. டேப் வைத்துப் பார்த்தார்கள். நான் நூலை வைத்துப் பார்த்தேன். இரண்டும் ஒன்று.

நவம்பர் 30, ஞாயிறு

கிரகப்பிரவேசம். நாலரை மணி முகூர்த்தம். தனபாக்கியம் தாழ்ந்த பக்கத்தில் சின்ன அடுப்பு வைத்துப் பால் காய்ச்சினார். கிழக்குப் பக்கமாகப் பொங்கியது.

விடிந்து சொந்தக்காரர்கள் வீட்டைச் சுற்றிப் பார்த்தார்கள். சுபத்ரா பட்டுப்புடவையில் ஓரமாக நின்றாள். மூன்று பேர் அவளிடம் விலாசம் வாங்கினார்கள். ஒருத்தர் அடுத்த தைக்குச் சரி என்றார். அவர் சுவரைத் தட்டிப் பார்த்ததை நான் பார்த்தேன். தட்டட்டும்.

வேலாத்தா சமையல் கட்டுக்குள் போனார். நானும் பின்னாலேயே போனேன்.

"இதென்ன மேடை படிக்கட்டாட்ட? ஒருபக்கம் ஒசரம், ஒருபக்கம் தாழ? அளவு தெரியாம கட்டிப்போட்டாங்களா?"

சுபத்ரா வாசல் நிலையில் வந்து நின்றாள். பதில் சொல்ல அவளால் முடியும். ஆனால் வீட்டுக்காரர் விஷயத்தை வீட்டுக்காரர் சொல்ல வேண்டும் என்று நின்றாள். அவள் பேரில் குறை விழுகிறதே என்று எனக்கு நாக்கு துடித்தது. கடித்துக்கொண்டேன்.

"ஆருக்குடா இந்த ஒசரம்?" என்று வேலாத்தா தம்பியைப் பார்த்துக் கேட்டார்.

திருமூர்த்தி சுபத்ராவைப் பார்த்தார். மனைவியைப் பார்த்தார். அப்புறம் உயர்ந்த பக்கத்தில் போய், நேராக நிமிர்ந்து நின்று, இரண்டு கையையும் கல்மேல் வைத்தார். முழங்கை சரியாக மடங்கியது.

"எனக்குக்கா. சமைக்கறது நான். இந்தப் புள்ளை கட்டுனதுல ஒரு தப்பும் இல்லை."

"எத்தனை நாளா?"

"முப்பது வருசமா."

வேலாத்தா நாற்காலியைத் தேடினார். ஆறுச்சாமி தூக்கி வந்து போட்டார். உட்கார்ந்து, முந்தானையால் முகத்தைத் துடைத்து, தனபாக்கியத்தை ஏற இறங்கப் பார்த்தார்.

"அப்ப அந்தக் கொள்ளுப் பருப்பு..."

"உங்க தம்பி வெச்சதுங்க அண்ணி. உங்கூட்டுக் கைப்பக்குவந்தான்" என்றார் தனபாக்கியம்.

யாரும் சிரிக்கக் கூடாது என்று பார்த்தோம். ஆறுச்சாமி முதலில் சிரித்துவிட்டார். வேலாத்தா தம்பி பக்கம் திரும்பினார். "மொளகா ஒண்ணு கொறைச்சுப் போடுடா. அதான் நான் இத்தனை நாளாச் சொல்றது" என்றார்.

வரும் வழியில் காரில் சுபத்ரா கேட்டாள். "அம்மாயி, இந்த வீட்டுல லாபம் கொஞ்சம் கொறைஞ்சு போச்சு. தெரியுமல்ல?"

"தெரியும் கண்ணு."

"அடுத்த ஞாயித்துக்கெழமை சுண்ணாம்பு நாளு. நூல் கண்டு தீந்துருச்சா?"

தீரவில்லை. இருந்தாலும் இறங்கிப் புதிதாக ஒன்று வாங்கினேன்.

டிசம்பர் 7, ஞாயிறு

பழனி ரோட்டில் புது மனை. மாமனார், மாமியார், மகன், மருமகள் நாலு பேரும் கோட்டுக்குள் வந்து நின்றார்கள். புதுத் தாள், புது நூல். மருமகள் தானாகவே முன்னால் வந்து கையை மடக்கினாள்.

"இரு சாமி. மொதல்ல ஒண்ணு கேக்கோணும். இந்த ஊட்டுல சமைக்கறது ஆருங்க?" என்றேன்.

நாலு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள். நான் நூலைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தேன்.